மழையில் நனைந்த மோட்டார்

கிணறுகளுக்கு மின்சார மோட்டார் வரத் தொடங்கியிருந்த ஐம்பதுகளில் நான் கிருஷ்ணகிரியில் வயர்மேனாக இருந்தேன். புது மோட்டாருக்கு இணைப்புக் கொடுக்கும் முன் மெக்கர் வைத்துச் சோதிக்க வேண்டும். மெக்கர் என்பது கைப்பிடி வைத்த ஒரு பெட்டி. கைப்பிடியைச் சுற்றினால் அதற்குள்ளேயே மின்சாரம் உண்டாகும். மோட்டாருக்குள் கசிவு இல்லையென்றால் முள் நன்றாக ஏறும். இருந்தால் சைபர் பக்கமே கிடக்கும்.

மத்தூர்ப் பக்கம் ஒரு கணவனும் மனைவியும் வாங்கிய மோட்டார், மாட்டுவண்டியில் வரும்போதே மழையில் நனைந்துவிட்டது. நான் போனபோது அதற்கு மாலை போட்டுப் பூசையும் முடித்திருந்தார்கள். கிணற்றைச் சுற்றி ஒரே கூட்டம்.

மெயினை அணைத்து, பீஸ் கட்டைகளைப் பிடுங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். மோட்டாருக்கு வரும் ஒயர்களைக் கழற்றினேன். மெக்கரின் ஒரு ஒயரை உள்ளேயுள்ள கம்பிச்சுருளிலும், இன்னொன்றை மோட்டாரின் இரும்பு உடம்பிலும் மாட்டி நிமிர்ந்தால், கணவர் மோட்டார் மேல் கையூன்றி நிற்கிறார்.

“கைய எடுங்கண்ணே.”

“கரண்டத்தான் நிறுத்திட்டீங்களே, தொட்டா இன்னா?”

“நான் சுத்துனா இந்தப் பொட்டியில இருந்தே வரும். தள்ளி நில்லுங்க.”

சுற்றினேன். முள் கொஞ்சம் அசைந்து அங்கேயே நின்றது. இணைப்புத் தர முடியாது என்றதும் அவர் முகம் தொங்கிவிட்டது. “ஊரையே கூப்ட்டுட்டமே,” என்றார்.

அவர் மனைவி என்னிடம், “கெட்டுப்போச்சா, ஈரமா இருக்குதா? அதச் சொல்லுங்க மொதல்ல,” என்று கேட்டாள்.

“ஈரந்தான் அக்கா.”

“அப்ப காய வெச்சுக்கலாம். எல்லாரும் ஊட்டுக்குப் போங்க.”

மோட்டாரைப் பிரித்து, சுருளுக்குச் சற்றுத் தள்ளிக் கரியடுப்புகள் வைத்து, சுற்றிலும் தகரம் மறைத்தோம். சூடு மிதமாகவே இருக்க வேண்டும், கம்பியின் மேல் பூச்சு கருகக் கூடாது என்று சொல்லிவிட்டு வந்தேன். அவள் பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்துக்கொண்டாள்.

மறுநாள் சைக்கிளில் போய்ச் சுற்றினேன். முள் முன்னைவிடக் கீழே இருந்தது. சூடேறும்போது உள்ளே பதுங்கிய ஈரம் கிளம்பும், முதலில் இப்படித்தான் காட்டும் என்று சூப்பர்வைசர் சொல்லியிருந்தார். நான் கண்ணால் பார்த்ததில்லை. அவர்களுக்குத் தைரியம் சொல்லிவிட்டு, நானே நம்பாமல் இன்னொரு முறை சுற்றிப் பார்த்தேன்.

அதற்கடுத்த நாள் முள் லேசாக ஏறியது. பிறகு ஒவ்வொரு முறையும் இன்னும் மேலே போனது. சுற்றி முடித்ததும் சுருளில் தங்கிய மின்சாரத்தை ஒயரால் மோட்டாரின் இரும்பு உடம்போடு தொட்டு இறக்கிவிடுவேன். அதன் பிறகே கணவர் கிட்டே வருவார்; அதை நான் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

கடைசியில் முள் ஏறி அசையாமல் நின்றது. மோட்டாரைப் பூட்டி, ஆறவிட்டு, இன்னொரு முறை பார்த்தேன். நன்றாக இருந்தது. இணைப்புக் கொடுத்துவிட்டு அவளையே சுவிட்சைப் போடச் சொன்னேன். குழாய் இருமிக்கொண்டு முதலில் கலங்கலாகக் கொட்டியது, பின்பு தெளிந்தது. இந்த முறை யாரையும் கூப்பிட்டிருக்கவில்லை. கணவர் வேட்டியோடு வாய்க்காலில் இறங்கி, மண்வெட்டியால் மடையைத் திறந்துவிட்டார். அவள் இருந்த இடத்திலேயே நின்று சிரித்தாள்.

களியும் அவரைக்கொட்டைக் குழம்பும் போட்டார்கள். வயிறாரச் சாப்பிட்டு, மெக்கரைக் கேரியரில் கட்டிக்கொண்டு, வெயிலில் நிதானமாக மிதித்து வந்தேன்.