ரேணுகா கலந்த புதினா விஸ்கி

பாஸ்கரனுக்கு வலது தோள் இறுகத் தொடங்கியபோது அவர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. சட்டை போடும்போது சுருக்கென்றது. கையை அடியில் வைத்துப் படுத்திருப்போம் என்று விட்டுவிட்டார். பிறகு தலை வாரக் கை எழவில்லை. ரயிலில் மேல் கம்பியைப் பிடிக்க இடது கைக்கு மாறினார். வேலை செய்யும் இடத்தில் மட்டும் யாருக்கும் தெரியாமல் பார்த்துக்கொண்டார். அந்தக் கையை வைத்துத்தான் அவருக்குப் பிழைப்பு.

நகரத்துக்குள் ஒரு நட்சத்திர ஓட்டலின் பாரில் கவுன்டருக்குப் பின்னால் நின்று மது கலந்து கொடுப்பவர் அவர். இருபது வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. மதியம் ஆவடிக்குப் பக்கத்தில் சேக்காட்டு வீட்டிலிருந்து கிளம்பினால் கடைசி ரயிலில் ஆவடிக்கு வந்து இறங்குவார். அவர் மனைவி ரேணுகா அம்பத்தூர் எஸ்டேட்டில் கார் பாகங்கள் செய்யும் கம்பெனி ஒன்றில் செக்கிங் பிரிவில் இருக்கிறாள். அவளுக்கு விடிந்ததும் வேன் வந்துவிடும். அவர் தூங்கிக்கொண்டிருக்கும்போது அவள் போவாள். அவள் தூங்கிய பிறகு அவர் வருவார். மகள் அகல்யா கோயம்புத்தூரில் ஹாஸ்டலுக்குப் போன பிறகு, வீட்டில் ஒருவரையொருவர் விழித்த நிலையில் பார்ப்பதே அபூர்வமாகிவிட்டது.

ஒரு சனிக்கிழமை, பார் நிரம்பி வழிந்த நேரத்தில், குலுக்குவதற்காக ஷேக்கரைத் தோளுக்கு மேல் தூக்கினார் பாஸ்கரன். பாதியில் கை நின்றுவிட்டது. ஷேக்கர் நழுவிக் கவுன்டரில் மோதியதில், எதிரே உட்கார்ந்திருந்தவரின் வெள்ளைச் சட்டையெல்லாம் நனைந்தது. பாஸ்கரன் துண்டோடு ஓடினார். அந்த ஆளுக்கு முப்பது வயதுகூட இருக்காது. கோபப்படவில்லை. "பரவால்ல அங்கிள், நீங்க உக்காருங்க" என்றான்.

அவன் திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன் என்று பாஸ்கரன் பின்னால் சொன்னார். கவுன்டருக்குப் பின்னால் நிற்பவனை யாரும் உட்காரச் சொல்லக் கூடாது.

டாக்டர் தோள்பட்டை இறுகிவிட்டது என்றார். குணமாக ஒரு வருடம்கூட ஆகலாம், தினமும் சுவரில் விரல்களை மேலே நகர்த்திப் பழகுங்கள் என்றார். மேனேஜர் நல்ல மனிதர்தான். முதலில் லீவு கொடுத்தார். லீவு முடியும் சமயத்தில் போன் செய்து, திரும்பி வந்ததும் கீழே ஸ்டோரைப் பார்த்துக்கொள்ளுங்கள், பகல் வேலை, கைக்கு ஓய்வாக இருக்கும் என்றார். பாஸ்கரன் சரி என்று சொல்லிப் போனை வைத்தார். ரேணுகாவிடம் சொல்லவில்லை. சொல்லலாம் என்று நினைக்கும்போதெல்லாம் அவள் கால் வீங்கிப்போய் வந்து நிற்பாள். நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டார்.

அதை உடைத்தது உத்தமன். பாரில் பாஸ்கரனோடு வேலை செய்யும் வெயிட்டர், அவர் வயதுக்காரர். மே மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் வியர்த்து விறுவிறுத்து வந்து, பையிலிருந்து ஒரு பாட்டிலை எடுத்து மேஜைமேல் வைத்தார்.

"பசங்கல்லாம் சேந்து வாங்கனது. உன்னிய சும்மா அனுப்பக் கூடாதுன்னு."

"நான் குடிக்க மாட்டேன்னு உனுக்குத் தெரியாதா?"

"தெரியும் மாமே. நம்ம ஆளுங்களுக்கு வேற இன்னா வாங்கத் தெரியும், சொல்லு."

ரேணுகா மோர் கொண்டுவந்து கொடுத்தாள். உத்தமன் ஒரே மூச்சில் குடித்துவிட்டு, போகிற போக்கில் சொன்னார்: "ஸ்டோர்ல ஏசி கெடையாது. சேரும் போதே ஒரு டேபிள் ஃபேன் கேட்டு வாங்கிக்கோ. அப்பறம் கேட்டா தர மாட்டானுங்க."

ரேணுகா காலி டம்ளரோடு அப்படியே நின்றாள். உத்தமனுக்கு ஏதோ தப்பாகச் சொல்லிவிட்டோம் என்று புரிந்துவிட்டது. ரயிலுக்கு நேரமாகிறது என்று எழுந்து போய்விட்டார்.

வெயில் ஜன்னல் கம்பியைத் தாண்டி உள்ளே வந்து தரையில் கிடந்தது. அவள் கத்துவாள் என்று பாஸ்கரன் எதிர்பார்த்தார். கத்துவதற்கு அவளிடம் தெம்பில்லை. நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்து, பாட்டிலைத் திருப்பிப் பார்த்தாள்.

"போர்பன்னு போட்டுகீது. பிஸ்கட் பேரு தானே அது?"

"அமெரிக்கா விஸ்கி. மக்காச்சோளத்துல செய்வாங்க."

"எப்பத்திலேந்து ஸ்டோரு?"

"ஒண்ணாந்தேதிலேந்து."

"எங்கிட்ட சொல்லணும்னு தோணல?"

"நீயே நின்னு நின்னு வர்ற. வந்ததும் இத வேற சொல்லணுமா?"

அவள் பாட்டிலை மேஜையில் வைத்தாள். "இத வெச்சு இன்னா செய்வ நீ? அங்க?" என்று கேட்டாள்.

"பல தினுசு இருக்குது. வெயில் காலத்துல புதினா போட்டு ஒண்ணு கேப்பாங்க."

"அத செஞ்சு குடு எனக்கு."

பாஸ்கரன் சிரிக்கப் பார்த்தார். அவள் முகத்தில் சிரிப்பில்லை.

கல்யாணத்தின்போது மாப்பிள்ளைக்கு ஓட்டலில் கேட்டரிங் வேலை என்றுதான் அவள் வீட்டில் சொல்லியிருந்தார்கள். மூன்றாம் மாதம் சட்டையில் அடித்த வாடையை வைத்து அவளே கண்டுபிடித்தாள். குடித்துவிட்டு வருகிறார் என்று நினைத்துப் பல நாள் பேசவில்லை. அவர் குடிப்பவர் அல்ல என்று தெரிந்த பிறகு, அந்தப் பேச்சையே இருவரும் எடுத்ததில்லை. ஒருமுறை அவர் மறந்துவிட்டுப் போன போனைக் கொடுக்க அந்த ஓட்டலுக்குப் போனாள். காவலாளி பின்கேட்டுக்கு அனுப்பினான். கறுப்புக் கோட்டும் கழுத்தில் பட்டாம்பூச்சி மாதிரி டையுமாக ஒருவர் போனை வாங்க வந்தபோது, தன் கணவர்தான் என்று தெரியாமல், யாரோ பெரிய மனிதர் என்று ஒரு கணம் அவளே ஒதுங்கி நின்றாள். அவர் வேலை செய்து அவள் பார்த்ததே இல்லை.

"இருவது வருசமா இந்த வாடையோட தான் வந்து பக்கத்துல படுக்குற. அது இன்னான்னு ஒரு வாட்டி நானும் பாத்துடறேன்" என்றாள்.

"கை வராது ரேணு."

"என் கை கீதுல்ல. நீ வாயால சொல்லு."

குழம்புக்கு வாங்கிய புதினாக் கட்டு பிரிட்ஜில் இருந்தது. இளசான கொழுந்தாகப் பார்த்துக் கிள்ளச் சொன்னார். சர்க்கரையைக் கொஞ்சம் சுடுநீரில் கரைத்து ஆறவைக்கச் சொன்னார். பாகுபோலக் காய்ச்ச வேண்டாம், கரைந்தால் போதும். கண்ணாடி கிளாஸை எடுக்கப் போனவளிடம், எவர்சில்வர் டம்ளர் போதும், அதில்தான் குளிர் நன்றாக நிற்கும் என்றார்.

டம்ளரில் இலையைப் போட்டுச் சர்க்கரைத் தண்ணீரை ஊற்றினாள். பருப்பு மத்தை எடுத்து அழுத்தினாள்.

"மெதுவா. துவையலா அரைக்கற? லேசா அமுக்கி வுடு. வாசன வந்தா போதும், இல கிழியக் கூடாது. கிழிஞ்சா கசந்துடும்."

"அங்க வர்றவங்க கிட்டயும் இப்பிடித் தான் கத்துவியா?"

"அங்க நான் எதுக்கு வாயத் தொறக்கறேன்?"

ஐஸ் கட்டிகளைச் சுத்தமான துண்டில் முடிந்து பூரிக்கட்டையால் நொறுக்கினாள். அந்தச் சத்தத்துக்குக் கீழ்வீட்டு எல்லம்மா, "இன்னாடி ரேணுகா, இடி இடிக்கிது?" என்று குரல் கொடுத்தாள். "மாங்கா நசுக்கறேன்க்கா" என்றாள் ரேணுகா. பாஸ்கரன் சிரித்துவிட்டார். தோள் குலுங்கி வலித்தது. ஆனாலும் சிரித்தார்.

நொறுங்கிய ஐஸைப் பாதி டம்ளருக்குப் போட்டு, விஸ்கியை ஊற்றச் சொன்னார். அவள் பாட்டிலைச் சாய்த்தபோது அவர் இடது கை தானாக நீண்டு, பாட்டில் கழுத்தை நிமிர்த்தியது. "போதும்." நீளமான கரண்டியால் கலக்கச் சொன்னார். டம்ளருக்கு வெளியே முதலில் வியர்வை போல நீர் கோத்தது, பிறகு வெள்ளையாகப் பனி பூத்தது. அவள் பனியைத் தொட்டு விரலைக் கன்னத்தில் வைத்துக்கொண்டாள். மேலே இன்னும் ஐஸ் குவித்து, அவர் சொன்னபடி ஒரு கொத்துப் புதினாவை உள்ளங்கையில் தட்டிச் செருகினாள்.

"ஏன் தட்டணும்?"

"மூக்குக்குத் தான் அது. குடிக்கும்போது வாசன மொதல்ல வரணும்."

அவருக்கென்று இன்னொரு டம்ளரையும் அவளே கலந்தாள். முதல் வாய் குடித்ததும் முகத்தைச் சுளித்தாள். இரண்டாவது வாய்க்குச் சுளிக்கவில்லை. சுவரில் சாய்ந்து தரையில் காலை நீட்டிக்கொண்டாள். கணுக்காலில் செருப்பு வார் அழுந்திய தடம் சிவப்பாக இருந்தது.

"நல்லாத் தான் கீது. மொதல்ல ஜில்லுனு, அப்பறம் சூடா உள்ள எறங்குது." இன்னொரு வாய் குடித்துவிட்டுக் கேட்டாள். "இதக் குடிக்கறவங்க உன்னாண்ட இன்னா பேசுவாங்க?"

"டயர்டா இருக்குதுன்னு சொல்வாங்க."

"உக்காந்துகினா?"

"உக்காந்துகினு தான்."

அவள் சத்தமில்லாமல் சிரித்தாள். சிரிப்பு முடியும்போது கண் கலங்கியிருந்தது. புறங்கையால் துடைத்துக்கொண்டாள். பாஸ்கரன் அவளுக்குப் பக்கத்தில் தரையில் இறங்கி உட்கார்ந்தார். அதற்கே ஒரு கையை ஊன்றி, பல்லைக் கடிக்க வேண்டியிருந்தது.

பாரில் எத்தனையோ வகை கலந்திருக்கிறார். சரிபார்க்க ஸ்ட்ராவில் ஒரு சொட்டு நாக்கில் வைத்துத் துப்பியதைத் தவிர, ஒரு டம்ளரை முழுதாகக் குடித்ததில்லை. இப்போது இடது கையில் எடுத்துக் குடித்தார். புதினா லேசாகக் கசந்தது. அவள் அழுத்திய அழுத்தம் அப்படி. ஒரு வாடிக்கையாளர் இதைத் திருப்பி அனுப்பியிருப்பார். அவர் சொல்லவில்லை.

"ஸ்டோருக்குப் போறது உனுக்குக் கஷ்டமா கீதா?" என்று கேட்டாள் ரேணுகா.

"நாலு பேரு மூஞ்சியப் பாத்துகினு இருந்துட்டேன். கீழ போனா பாட்டில் மூஞ்சி தான்." ஐஸைக் குலுக்கிப் பார்த்தார். "இருந்தாலும் அந்த அங்கிள்னு சொன்னதுக்கப்பறம் மேல நிக்கவும் மனசு இல்ல."

"எந்த அங்கிள்?"

அப்போதுதான் அந்தச் சனிக்கிழமைக் கதையை அவளிடம் முழுதாகச் சொன்னார். கேட்டுக்கொண்டிருந்தவள் கடைசியில், "அவன் சொன்னது சரி தான்யா. நீ உக்காந்துருக்கணும்" என்றாள். இரண்டாவது டம்ளர் இருவருக்கும் வேண்டியிருக்கவில்லை. அவள் உட்கார்ந்த இடத்திலேயே கண்ணை மூடித் தூங்கிப்போனாள். கழுத்துக்கு ஒரு தலையணையைச் செருக அவர் பட்ட பாடு அவளுக்குத் தெரியாது.

ஒன்றாம் தேதி பாஸ்கரன் ஸ்டோரில் சேர்ந்தார். டேபிள் ஃபேன் கிடைத்தது, கேட்டு ஒரு மாதம் கழித்து. மழைக்காலம் வரும்போது கை தலைவரை எழத் தொடங்கியிருந்தது, அதற்கு மேல் இன்றுவரை இல்லை. இப்போது அவரும் இருட்டும் நேரத்திலேயே வீட்டுக்கு வந்துவிடுகிறார். ரேணுகாவும் அப்போதுதான் வேனிலிருந்து இறங்கியிருப்பாள். யார் முதலில் வருகிறார்களோ அவர்கள் உலை வைக்கிறார்கள். இரண்டு பேரும் களைத்துப்போய் வருவதால் பேச்சு அதிகம் இருப்பதில்லை. சாப்பிட்டுவிட்டுப் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து, காலை நீட்டிக்கொண்டு, யார் எழுந்து விளக்கை அணைப்பது என்று இருவரும் கொஞ்ச நேரம் காத்திருக்கிறார்கள்.