ஒத்தக் காலில் ஓர் ஆராய்ச்சி

புரியக்கூடாதுன்னே எழுதின பாட்டுக்கு அர்த்தம் தேடுறதுதான் தமிழ் ஆராய்ச்சி பண்ற எங்க தொழில். கிடைக்கலன்னா அடிக்குறிப்பு போட்டுருவோம். பகல்ல லிஃப்ட் ரிப்பேர், சாயங்காலம் கிளாஸ்னு படிச்சு இதுல வந்து விழுந்தவன் நான். என்னை மாதிரி மாட்டிக்கிட்டவங்களுக்கு மேல சொல்ல வேண்டாம்.

ஞானமா, மூச்சா?

நொண்டி நாடகம்னு பழைய நாடகம் ஒண்ணு இருக்கு. திருடப் போய் காலை இழந்தவன் கதை. நடிகர் ஒரு காலை மடக்கிக் கட்டிக்கிட்டு, பூராவும் நொண்டிக்கிட்டே பாடணும். நான் ஆராய்ச்சிக்கு எடுத்துக்கிட்ட நாடகத்துல, நடுவுல தலையும் புரியாத வாலும் புரியாத நாலு வரி வரும். பெரியவங்கல்லாம் அது ஞானம்னு எழுதிட்டாங்க. நான் சொன்னது வேற: அந்த இடத்துல நடிகருக்கு மூச்சு முட்டும், கூட்டம் அர்த்தம் யோசிக்கிற நேரத்துல அவர் நின்னு இளைப்பாறிக்குவார்.

என் கைடு மல்லிகா மேடம் தலையில கை வெச்சுக்கிட்டாங்க. நேர்முகத் தேர்வுல தேர்வாளர்கள் இதை ஒத்துக்கலன்னா என் முனைவர் பட்டப் பதிவே ரத்து. "ஞானம்னு எழுதியிருந்தா யாரும் ஆதாரம் கேட்டிருக்க மாட்டாங்களே, சார்!"ன்னாங்க.

வாய்ட் டெக் ஒத்திகை

ஆதாரத்துக்காக, சிங்கப்பூர் செங்காங்ல எங்க அடுக்குமாடி புளோக் கீழ காலியா கிடக்கிற வாய்ட் டெக்லயே துண்டால காலைக் கட்டிக்கிட்டு நொண்டிப் பாடிப் பாத்தேன். மூணாவது மாடி ராஜம்மா அக்கா பாத்துட்டு, தைலத்தோட வீட்டுக்கே வந்துட்டாங்க. என் மனைவி செல்வி அதை வாங்கவே இல்ல. "மருந்துக்குக் கேக்காதுக்கா. இது படிச்சதால வந்தது."

நம்பர்

லிட்டில் இந்தியாவுல சாப்பிடுறப்ப, இன்னொரு புரியாத பாட்டை என்கூட வேலை பாக்குற மணிகிட்ட படிச்சுக் காட்டினேன். எட்டு யானை, ஒத்தத் தவளை, ரெண்டு கிணறு, ஆறு கதவு. சோத்தைக் கூட முடிக்காம எழுந்து போய் 8126னு ஃபோர்-டி, அதான் நாலு நம்பர் லாட்டரி, எடுத்துட்டான். அடுத்த வாரம் சிரிச்சுக்கிட்டே வந்தான். "கன்சொலேஷன் பிரைஸ் அடிச்சிருச்சு அண்ணே! இத்தனை வருஷம் அதைப் படிச்சு உங்களுக்கு என்ன லா அடிச்சுது?"

நேர்முகத் தேர்வு

மூணு தேர்வாளர்கள். தலைவர் மேடைத் தமிழ்லயே பேசுறவர். "மூச்சு முட்டும் என்பதற்குச் சான்று யாது?" வேற வழியில்ல. கழுத்து டையை அவுத்து, காலைக் கட்டிக்கிட்டு, மேசையைச் சுத்தி நொண்டிப் பாட ஆரம்பிச்சேன். அந்த நாலு வரி வந்தப்ப நிஜமாவே முடியல. முக்கி முனகிப் பாடி முடிச்சு, நாற்காலியைப் பிடிச்சுக்கிட்டு நின்னுட்டேன். மூணு தலையும் பிரதிக்குள்ள குனிஞ்சுருச்சு. மூச்சு திரும்புனதும் மிச்சத்தைப் பாடி முடிச்சேன்.

தலைவர் நிமிர்ந்தார். "தாங்கள் எங்குமே நிற்கவில்லையே?"

மல்லிகா மேடம்தான் முதல்ல சிரிச்சாங்க. "நின்னாருங்க, ஐயா. நீங்க அர்த்தம் தேடிக்கிட்டிருந்தீங்க." மத்த ரெண்டு பேரும் சிரிச்சுட்டாங்க. தலைவர் பிரதியைப் பாத்தார், என் காலைப் பாத்தார், பேனாவைத் திறந்தார். "சரி லா, காலை அவுத்துட்டு உக்காருங்க. பாஸ்."

மொத்தத்துல, எனக்குப் பட்டம் வாங்கிக் குடுத்தது எனக்குப் புரிஞ்ச வரி இல்ல, அவங்களுக்கும் புரியாத வரி.