சாயங்காலத்தில் வந்து சேரும் வலி

முதலில் செருப்புதான் காணாமல் போனது.

கிளியனூருக்குப் பக்கத்தில் மெயின் ரோட்டை ஒட்டி மனை போட்ட இடம் ஒன்று இருக்கிறது. வாசலில் பெரிய வளைவு, உள்ளே ரோடு, பார்க், சிமெண்டு பெஞ்சு, இடுப்பளவு காம்பவுண்டுச் சுவர் எல்லாம் கட்டினார்கள். மனை வாங்கத்தான் ஆள் வரவில்லை. என் மகன் வயிற்றுப் பேத்தி தேன்மொழி, திண்டிவனத்தில் காலேஜ் விட்டு வந்ததும் பையை எறிந்துவிட்டு அங்கே ஓடிவிடுவாள். சுவர் மேல் ஓடுவாள், பெஞ்சைத் தாண்டுவாள், உயரத்திலிருந்து குதித்து உருண்டு எழுவாள். பார்க்கூர் என்று அதற்குப் பெயராம். குறுக்கே எது வந்தாலும் நிற்காமல் தாண்டிப் போகிற விளையாட்டு. செல்போனில் பார்த்துப் பழகிக்கொண்டாள். பந்தயம் கிடையாது, பரிசும் கிடையாது. எதுக்குடி இது என்று கேட்டால், "சும்மாதான் ஆயா, நல்லா இருக்குது" என்பாள். எனக்கு அந்தப் பதில் ரொம்பப் பிடித்திருந்தது. நான் சும்மா என்று எதையும் செய்ததாக ஞாபகமே இல்லை.

அன்றைக்கு அவளைச் சாப்பிடக் கூப்பிடப் போனேன். சுவர் மேல் நின்றவள் என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

"ஆயா, ஒரு கால் செருப்பு எங்க?"

குனிந்து பார்த்தேன். இடது கால் வெறுங்காலாக இருந்தது. திரும்பிப் போனால், வளைவுக்கு அந்தப் பக்கம் ரோட்டோரம் கிடக்கிறது. அவ்வளவு தூரம் கருங்கல் ஜல்லி மேல் வெறுங்காலோடு நடந்திருக்கிறேன், எனக்குத் தெரியவில்லை. இருவரும் வயிறு வலிக்கச் சிரித்தோம்.

இதைப் படிக்கிறவர்களில் யாருக்காவது செருப்பு இப்படித் தெரியாமல் கழன்றிருந்தால், நன்றாகச் சிரியுங்கள். சிரித்துவிட்டு மறுநாளே டாக்டரிடம் போங்கள். நான் சிரித்ததோடு விட்டுவிட்டேன்.

எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நான் சொல்கிறேன், தேன்மொழி எழுதுகிறாள். நடுநடுவே, "வுட்ட எடத்துக்கு வா ஆயா" என்கிறாள். வருகிறேன்.

எனக்குச் சர்க்கரை வியாதி வந்து வெகுகாலம் ஆகிறது. மாத்திரை போடுவேன், தீர்ந்தால் சில நாள் மறந்துவிடுவேன். திண்டிவனம் பஸ் ஸ்டாண்டில் அவித்த மல்லாட்டையை (வேர்க்கடலை) கூடையில் வைத்து விற்பது என் வேலை. வியாபாரம் என்பதைவிட அதை ஊர்க்கதை கேட்கிற வேலை என்று சொல்லலாம். யார் வீட்டுப் பெண் யாரோடு பஸ் ஏறினாள் என்பதெல்லாம் எனக்குத்தான் முதலில் தெரியும். சரி, கால் விஷயத்துக்கு வருகிறேன். முதலில் பாதத்தில் எறும்பு ஊர்வது போல இருந்தது. பிறகு முள் குத்துவது போல. பிறகு ஒன்றுமே இல்லை. வலி நின்றுபோனால் யார் கவலைப்படுவார்கள்? நான் சந்தோஷப்பட்டேன்.

அந்த வருஷம் எங்கள் ஊர் திரௌபதி அம்மன் கோயில் தீமிதியில் காப்புக் கட்டிக்கொண்டேன். அதற்கு முன்னும் மிதித்திருக்கிறேன். எல்லோரும் ஓடுகிற மாதிரிதான் ஓடுவேன், அந்தப் பக்கம் போய்ப் பாலில் கால் வைப்பேன். அந்த வருஷம் ஓடத் தோன்றவில்லை. நெருப்பு மேல் நிதானமாக நடந்தேன். ஈர மணலில் நடப்பது போலக்கூட இல்லை. கீழே எதுவுமே இல்லை.

கூட்டம் கோவிந்தா போட்டது. பெண்கள் என் காலில் விழுந்தார்கள். என் மருமகள் லட்சுமி, ஒரு நாளும் என்னைப் புகழாதவள், "எங்க அத்த மேல அம்மனே எறங்கிட்டா" என்று பக்கத்தில் இருந்தவளிடம் சொல்லி அழுதாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. அம்மன் மேல் குற்றம் எதுவும் இல்லை. சர்க்கரை விஷயத்தை நான்தான் அவளிடம் சொல்லவில்லை.

சில நாள் கழித்து, வீட்டுத் தரையில் கறை கறையாக இருப்பதைத் தேன்மொழி பார்த்தாள். அடுப்படியிலிருந்து வாசல் வரை போன அந்தக் கறை, என் இடது காலில் வந்து முடிந்தது. காலைத் தூக்கிப் பார்த்தவள் மூக்கைப் பொத்திக்கொண்டாள். பெருவிரலுக்கு அடியில் கொப்புளம் உடைந்து, விரல் கறுத்திருந்தது.

விழுப்புரம் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார்கள். சின்ன வயதுப் பெண் டாக்டர். நைலான் நரம்பு போல ஒன்றைக் கையில் வைத்திருந்தார்.

"கண்ண மூடிக்குங்கம்மா. கால்ல தொடறப்பல்லாம் சொல்லுங்க."

பரீட்சை என்று நினைத்துக்கொண்டேன். பாஸ் ஆகிவிட வேண்டும் என்று, "ஆங்... ஆங்... இப்ப... ஆங்" என்று சொல்லிக்கொண்டே இருந்தேன்.

"ஆயா," தேன்மொழியின் குரல் ஒரு மாதிரியாக இருந்தது. "அவங்க இன்னும் தொடவே இல்ல."

நியூரோபதி (சர்க்கரையால் நரம்பு கெட்டு உணர்ச்சி போவது) என்றார் டாக்டர். விரலில் இருப்பது கேங்ரீன் (சதை செத்துக் கறுத்துப்போவது), விரலை எடுத்தால்தான் காலைக் காப்பாற்ற முடியும் என்றார்.

"அப்ப நான் தீ மிதிச்சது?" என்று கேட்டேன்.

"நெருப்பு சுட்டுச்சும்மா. சேதிதான் உங்களுக்கு வந்து சேரல."

ஆபரேஷனுக்கு முன்னால் மரத்துப்போக ஊசி போடுவோம் என்றார்கள். அது இல்லாமலே வெட்டலாமே என்றேன். யாரும் சிரிக்கவில்லை.

பெருவிரல் போனது. எனக்கு அழுகை வரவில்லை. பக்கத்துக் கட்டில்காரி, முகையூர்ப் பக்கத்துப் பெண், எனக்காக அழுதாள். நான் கட்டுப்போட்ட காலை யாரோ வைத்துவிட்டுப் போன பொட்டலம் போலப் பார்த்துக்கொண்டிருந்தேன். அன்று கேன்டீன் இட்லி கல்லாக இருந்தது நினைவிருக்கிறது. விரலை எடுத்துப்போனது நினைவில்லை.

வீட்டுக்கு வந்ததும் என் மகன் ஏழுமலை கட்டிலை ஜன்னலோரம் போட்டான். பாண்டிச்சேரியில் ஒரு கம்பெனிக்கு வேலைக்குப் போகிறவன், பேச்சு குறைவு.

"போதும்மா. இனிமே கூடையெல்லாம் தூக்க வேணாம். இங்கியே இரு."

இருந்தேன். டிரெஸ்ஸிங் (புண்ணைக் கழுவிக் கட்டுவது) பண்ணப் போவேன், வருவேன், படுப்பேன். ரோட்டில் பஸ் ஹாரன் கேட்கும். அதில் ஏறியவர்களின் கதை எதுவும் எனக்குத் தெரியாது. லட்சுமி சோறு வைத்தால் தின்பேன், என்ன குழம்பு என்று கேட்டால் சொல்ல முடியாது. கால் மரத்தது போதாதென்று, மரப்பு மேலே ஏறிக்கொண்டிருந்தது.

புண் ஆறியபின் நிற்கப் பார்த்தேன். கண் திறந்திருந்தால் நின்றேன். முகம் கழுவக் கண்ணை மூடினால் அப்படியே சாய்ந்தேன். தரை எங்கே இருக்கிறது என்று காலுக்குத் தெரியவில்லை, கண்தான் சொல்ல வேண்டியிருந்தது. பஸ் படி ஏறும்போது கூட்டத்தில் யார் காலைக் குனிந்து பார்க்க முடியும்? மறுபடி பஸ் ஏறுவேனா என்கிற ஒரு கேள்விதான் என்னிடம் மிச்சம் இருந்தது.

தேன்மொழி ஒரு நாள் கட்டிலுக்கு எதிரே, முட்டி உயரப் பெட்டியிலிருந்து குதித்துக் காட்டினாள். பூனை இறங்குவது போல இருந்தது.

"சத்தம் கேட்டுச்சா?"

"இல்லியே."

"சத்தம் வந்தா தப்பா எறங்கியிருக்கேன்னு அர்த்தம். முட்டி அடி வாங்கும். நாங்க குதிக்கறப்ப கால பாக்க மாட்டோம் ஆயா, கேப்போம். உன் கால்லேர்ந்துதான் சேதி வரல. காது நல்லாத்தானே இருக்குது? பக்கத்துத் தெரு சண்டையே கேக்குது உனக்கு."

எனக்குச் சிரிப்பு வந்தது. ரொம்ப நாளைக்குப் பிறகு வந்த சிரிப்பு அது.

டாக்டர் எழுதிக்கொடுத்த மெத்து ரப்பர் செருப்பை வார் போட்டுக் கட்டிக்கொண்டு சிமெண்டுத் தரையில் நடந்தேன். வலது கால் ஒரு சத்தம், இடது கால் வேறு சத்தம். குதிகால் முதலில் பட்டால் ஒன்று, கால் சரிந்து பட்டால் ஒன்று. பழகப் பழக, பார்க்காமலே தெரிந்தது. பிறகு பார்க்கில் சிமெண்டுக் கட்டை மேல் ஏறி இறங்கினேன். ஒரு செங்கல் உயரம்தான். அவள் சுவர் மேல் ஓடுவாள், நான் கட்டை மேல் ஏறுவேன். ரோட்டில் போகிறவர்கள் வண்டியை நிறுத்திப் பார்த்தார்கள்.

அடுத்தது விழுவது. "வுழறத தள்ளிப் போடாத ஆயா. வுழப் போறன்னு தெரிஞ்சா வுழுந்துடு. கைய ஊணாத, கை ஒடஞ்சிடும். தாடைய நெஞ்சுல வெச்சிக்க, தோளக் குடு, உருண்டுடு." ஆஸ்பத்திரியில் பிசியோதெரபி (உடற்பயிற்சி வைத்தியம்) அம்மாவிடம் கேட்டோம். முதலில் அலறினார். எலும்பைப் படம் எடுத்துப் பார்த்துவிட்டு, மெத்தையில், ஆள் பிடித்துக்கொள்ள, உட்கார்ந்த நிலையிலிருந்து மட்டும் என்றார். நீங்களும் கேட்காமல் இறங்கிவிடாதீர்கள். எங்களுக்கு மெத்தை, தோட்டத்தில் குவித்திருந்த மல்லாட்டைக் கொடி. உட்கார்ந்து விழுந்தேன். அவர் சரி என்ற பிறகு மண்டியிட்டு விழுந்தேன், பிறகு நின்று. என்ன சுகம் தெரியுமா? வானம், கொடி, வானம். அந்த வயதில் யார் என்னை உருட்டி விடுவார்கள்?

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஏழுமலை பார்த்துவிட்டான். நான் கொடிக் குவியலில் கால் மேலாகக் கிடந்தேன்.

"இன்னா நடக்குது இங்க?"

"வுழுந்து பழகிக்கினு இருக்கேண்டா."

"வுழறதுக்கு யாருனா பழகுவாங்களா? பெரிய பேஜாரா இருக்குது உங்க ரெண்டு பேரோட." மகளைப் பார்த்தான். "ஊருல ஏற்கெனவே சிரிக்கறாங்க, பொண்ணு செவுரு ஏறுதுன்னு. இப்ப ஆயாவுமா?"

நான் தலையிலிருந்த கொடியை எடுத்துப் போட்டுவிட்டு, பஸ் ஸ்டாண்டுக்குப் போகிறேன் என்றேன்.

"போ. ஆனா ஒரே ஒரு வாட்டி நீ வுழுந்தன்னு தெரிஞ்சுது, அத்தோட கூடைக்கு முழுக்கு. இவ ஆட்டமும் குளோஸ்."

போனேன். கண்டக்டர், "ஜல்தி ஏறும்மா" என்று கத்தினார். தகரப் படியில் என் இடது கால் டங் என்றது. அந்தச் சத்தத்தை முத்தமிட்டிருப்பேன், குனிய முடியவில்லை.

சில வாரம் எல்லாம் நன்றாகப் போனது. ஒரு நாள் காலை, திண்டிவனத்தில் இறங்கும்போது யாருடைய பையோ என் முந்தானையை இழுத்தது. பஸ் ஸ்டாண்டு இரைச்சலில் காலின் சத்தம் கேட்கவில்லை. பிளாட்பார ஓரத்தில் பாதி கால் பட்டு, பாதி வெளியே போனது. உடம்பு சாய்ந்தது. விழப்போகிறேன் என்று தெரிந்தது. தள்ளிப் போடவில்லை. கூடையை விட்டேன், தாடையை நெஞ்சில் வைத்தேன், தோளைக் கொடுத்தேன். வானம், பஸ், வானம். உட்கார்ந்திருந்தேன். என்னைச் சுற்றி மல்லாட்டை.

பூக்காரி முனியம்மா ஓடி வந்தாள். "யக்கா! இன்னாக்கா இது, சர்க்கஸா?" கையைத் தடவினாள், இடுப்பைத் தடவினாள். எல்லாம் முழுசாக இருந்தது. சோடா வாங்கிக் கொடுத்துவிட்டுக் காதில் சொன்னாள்: "வூட்ல மட்டும் சொல்லிடாத."

நானும் அப்படித்தான் நினைத்தேன். சொன்னால் எனக்கும் தேன்மொழிக்கும் சேர்த்து எல்லாம் போய்விடும்.

தினமும் விளக்கு வைக்கிற நேரத்தில் தேன்மொழி முகம் பார்க்கும் கண்ணாடியை என் பாதத்துக்குக் கீழே பிடிப்பாள். காலால் சொல்ல முடியாததைக் கண்ணாடி சொல்ல வேண்டும், அது டாக்டரின் கட்டளை. அன்று குதிகால் ஓரத்தில் ஒரு கீறல், சுற்றிலும் சிவப்பு. காலையில் பட்டது. நான் அதோடு நாள் முழுக்க நடந்திருக்கிறேன். அவள் என் முதுகைப் பார்த்தாள். புடவையில் பஸ் ஸ்டாண்டுப் புழுதி.

"வுழுந்தியா?" என்றாள், உதடு மட்டும் அசைய. அப்பன் பக்கத்து அறையில் இருந்தான்.

கீறலை மறைத்தால் விழுந்ததையும் மறைத்துவிடலாம். கண்ணாடியில் அந்தச் சிவப்பைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். இல்லாத விரலின் இடமும் அதில் தெரிந்தது.

"ஏழுமல, இங்க வா. காலைல வுழுந்துட்டேன்."

வந்தான். கத்துவான் என்று காத்திருந்தோம். கத்தவில்லை. மகள் கையிலிருந்து கண்ணாடியை வாங்கினான். செல்போன் லைட்டைப் போட்டு, என் காலைத் தன் மடியில் வைத்துக்கொண்டு, கீறலை வெகுநேரம் பார்த்தான். அவன் விரல் என் பாதத்தில் இருந்தது. எனக்கு அது தெரியவில்லை, கண்ணாடியில் பார்த்தேன்.

"வேற எங்கனா அடியா?"

"இல்லடா."

"எப்டி வுழுந்த?"

"தோளக் குடுத்து."

அவன் தேன்மொழியைப் பார்த்தான். மறுநாள் வேலைக்கு லீவு போட்டு, என்னை டிரெஸ்ஸிங்குக்கு அழைத்துப் போனான். கீறல் ஆறும்வரை நான் வெளியே போகவில்லை. ஆறிய பிறகு ஒரு காலை, மல்லாட்டைக் கூடையை வாசலில் தூக்கி வைத்தது அவன்தான்.

இந்தக் காலோடு வாழ்வது எப்படி என்று கேட்கிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். உங்களுக்கு முள் குத்தினால் அந்த நிமிஷமே குத்துகிறது. எனக்குக் காலையில் குத்துவது சாயங்காலம்தான் வந்து சேருகிறது. பகல் முழுக்க என் கால் எனக்கு முன்னால் எங்கேயோ போய்க்கொண்டிருக்கிறது. விளக்கு வைக்கும்போது நான் அதைப் போய்ப் பிடிக்கிறேன். அது வரைக்கும் எனக்கு ஒன்றும் ஆகவில்லை, சந்தோஷமாக மல்லாட்டை விற்கிறேன்.

இதோ, தேன்மொழி எழுதுவதை நிறுத்திவிட்டு ஜன்னலைப் பார்க்கிறாள். வெளியே இருட்டுகிறது. சுவரில் உராய்ந்த அவள் முட்டியிலும் இன்று ஒரு சிராய்ப்பு இருக்கிறது. பட்டதுமே அவள் "ஸ்ஸ்" என்றதைக் கேட்டேன். கொடுத்து வைத்தவள்.

"கண்ணாடிய எடுத்தாடி. காலைலேர்ந்து எனக்கு இன்னா ஆச்சுன்னு பாப்போம்."