மடிக்காத ஃபுட்ரெஸ்ட்

அப்பாவின் பழைய புல்லட்டுக்கு மாதம் ஒரு நோவு வரும். விற்கவும் மனம் வராது. இன்று திண்டிவனம் பட்டறையில் ஆயில் மாற்றி முடித்த மெக்கானிக், பின்சீட்டு ஃபுட்ரெஸ்டுகளைக் காலால் தட்டி மடித்தார். அந்த 'டக்' சத்தத்தில் எனக்கு ஏழு வயதாகிவிட்டது.

கன்னியாகுமரிவரை அந்த வண்டியில் போய் வந்தவர் அப்பா. பின்னால் இருந்தவர் இறங்கியதும் ஃபுட்ரெஸ்டை மடிக்காமல் கிளம்பமாட்டார். "தொறந்து வச்சா ஏறிக்கோன்னு கூப்புடற மாதிரி. எவனாச்சும் குந்திக்கினு வருவான்" என்பார்.

ஒருமுறை மறந்துவிட்டார். அம்மாவை விழுப்புரம் பஸ்ஸில் ஏற்றிவிட்டு, என்னை டேங்க்மேல் வைத்துக்கொண்டு ஒலக்கூருக்குத் திரும்பினார். வேர்க்கடலை விளையும் மல்லாட்டைக் கொல்லைகளுக்கு நடுவே போகும்போது பின்பக்க ஸ்பிரிங் முனகி அமுங்கியது. வண்டி இழுக்கத் திணறியது. அப்பா திரும்பிப் பார்க்கவே இல்லை. ஊர் எல்லையில் நிறுத்தி, "எறங்கிக்கங்க. இதுக்கு மேல நாங்க வூட்டுக்குப் போறோம்" என்றார், பெரியவர்களிடம் பேசுகிற மரியாதையோடு. வண்டியின் பின்பக்கம் மெல்ல எழும்பியது. அதன் பிறகே ஃபுட்ரெஸ்டை மடித்தார்.

அப்பா போய் ஒரு வருஷமாகிறது. பட்டறையைத் தாண்டியதும் வண்டியை ஓரங்கட்டி, மெக்கானிக் மடித்ததை நானே பிரித்துவிட்டேன். அவர் வரட்டுமே.

அதே கொல்லைகளுக்கு நடுவே ஸ்பிரிங் அமுங்கியது.

"வந்துட்டியாப்பா?" என்றேன். கண்ணை மறைத்துக்கொண்டு அழுகை வந்தது.

ஊர் எல்லை நெருங்கும்போதுதான் உறைத்தது. அப்பா தன் ஆயுசில் ஒருநாளும் பின்சீட்டில் உட்கார்ந்ததில்லை.