வைகாசி பிறக்கட்டும்

குற்றாலத்தில் அருவிக்குப் போகிற வழியில் எண்ணெய்க் கடை வைத்திருந்த நமசிவாயத்தின் மனைவி வடிவாம்பாள். எங்களுக்கு அடுத்த வீடு. வாய் கொஞ்சம் நீளம். மனசில் ஒன்றும் வைத்துக்கொள்ள மாட்டாள். சாரல் காலத்தில் கடையில் கூட்டம் நெரிந்தால், புருஷனை ஒதுங்கச் சொல்லிவிட்டு அவளே எண்ணெய் அளப்பாள்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தொன்பதில் தலைப்பிரசவம். வீட்டிலேயே இரண்டு நாள் வலி, பிள்ளை இறங்கவில்லை. கடைசியில் வாடகைக் கார் பிடித்துத் தென்காசி ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள். வயிற்றைக் கீறி எடுத்தும் பிள்ளை தங்கவில்லை. தையல் சீழ் பிடித்து, காய்ச்சலில் கிடந்து, எலும்பும் தோலுமாக வடிவு வீடு திரும்பினாள்.

அறுபத்திரண்டில் மறுபடி உண்டானாள். இந்தத் தடவை டாக்டரம்மா முதலிலேயே கண்டித்துச் சொல்லிவிட்டார்.

“வலி வரட்டும்னு வீட்ல இருக்காதீங்க. பழைய தையல் பிரிஞ்சா உயிருக்கே ஆபத்து. நாள் குறிச்சு நாமளே எடுத்துருவோம்.”

குறித்த நாள் சித்திரைக் கடைசி வாரத்தில் விழுந்தது. மாமியார் சொக்கம்மாள் குதித்தாள்.

“சித்திரையில பிள்ளை பிறந்தா அப்பனுக்கு ஆகாதுல்லா! தானாப் பிறந்தா தலைவிதின்னு இருக்கலாம். நாமளே நாள் குறிச்சு எம் பிள்ளை தலையில கல்லைப் போடணுமாக்கும்? வைகாசி பிறக்கட்டும்.”

“கிழியப்போறது என் வயிறுல்லா அத்தை? நான் ஆஸ்பத்திரிக்குப் போயிருதேன்” என்ற வடிவு, புருஷனைப் பார்த்தாள்.

“நாலு நாள்தானட்டி, பொறுத்துக்கோ” என்று சொல்லிவிட்டு அவர் கடைக்குக் கிளம்பிவிட்டார். இன்னும் பிறக்காத பிள்ளைக்குப் பயந்த அந்த ஆம்பிளையை நினைத்தால் இப்போதும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

வைகாசிக்கு முந்தின நாள் காலையில் வலி கண்டது. தென்காசி போய்ச் சேருவதற்குள் தையல் உள்ளே பிரிந்துவிட்டது. பெண் குழந்தையை உயிரோடு எடுத்தார்கள். வடிவுக்கு ரத்தம் நிற்கவே இல்லை. மத்தியானம் கண்ணை மூடிவிட்டாள்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் சொக்கம்மாள் மார்பில் அடித்துக்கொண்டாள். “நான் சொன்னேன்லா! சித்திரைப் பிள்ளை ஆத்தாளை முழுங்கிட்டுல்லா வந்திருக்கு!” சுற்றி நின்ற சொந்தக்காரர்கள் ஆமாம் என்று தலையாட்டினார்கள்.

டாக்டரம்மா துணியில் சுற்றிய குழந்தையை நீட்டினார். நமசிவாயம் கையை நீட்டாமல் பின்னால் நகர்ந்துகொண்டார்.