அம்மா கடலில் இறங்கிய நாள்

உறவினர் ஒருவர்கூட இல்லாத ஊருக்கு விடுமுறைக்குப் போகலாம் என்ற எண்ணம் எங்கள் வீட்டில் அதுவரை எவருக்கும் தோன்றியதில்லை. ஜெர்மனியின் வூப்பர்டால் நகரில் நாங்கள் அறிந்த தமிழ்க் குடும்பங்களுக்குக் கோடை விடுமுறை என்றால் லண்டனில் அத்தை வீடு, பாரிஸில் மாமா வீடு, இடையில் யாருடையவாவது கலியாணம். வரவேற்பறையில் விரித்த மெத்தைகளில் நெருக்கியடித்துப் படுத்து, பழைய மனத்தாங்கல்களைப் புதுப்பித்துக்கொண்டு, போனதைவிடக் களைப்பாகத் திரும்புவார்கள். ஆகவே, எனக்குப் பத்து வயதான கோடையில், கிரேக்கத் தீவொன்றின் பழைய கடலோரக் கிராமத்துக்குப் போகிறோம் என்று அப்பா அறிவித்தபோது அம்மா திகைத்துப்போனார்.

"அங்கை போய் என்ன செய்யிறது?"

"ஒண்டும் செய்யிறேல்லை. அதுக்குப் பேர்தான் உர்லாப்," என்று விடுமுறைக்கான ஜெர்மன் சொல்லைச் சொன்னார் அப்பா.

அந்த வசந்தத்தில் அப்பாவுக்கு இதயத்தில் அறுவைச் சிகிச்சை நடந்திருந்தது. ஓய்வு வேண்டும், கடல்காற்று நல்லது, மனத்தை உலுக்கும் செய்தி எதுவும் ஆறு மாதத்துக்கு அவரை அண்டக் கூடாது என்று மருத்துவர் சொல்லியிருந்தார். இவற்றுள் கடைசிக் கட்டளையை அம்மா தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டார். தொலைக்காட்சிச் செய்திகள் வீட்டில் நின்றுபோயின. என்னுடைய கணக்குப் பாடப் புள்ளிகள்கூட அப்பாவின் காதுக்கு எட்டாமல் மறைக்கப்பட்டன. அதில் எனக்கு மிகுந்த திருப்தி.

மிளகாய்த்தூள், புட்டுமா, சோறு வடிக்கும் மின்பானை ஆகியவற்றோடு நாங்கள் போய் இறங்கிய கிராமம் ஒரு குன்றின் சரிவில் ஏறி நின்றது. உச்சியில் வெனிஸ் நகரத்தார் கட்டிய கோட்டையின் சிதைவு. அடியில் சிறு துறைமுகம். இரண்டுக்கும் நடுவே வாகனமே நுழைய முடியாத கற்படிகள். வீட்டு வாயில்களின் மேல், யாருடையவை என்று ஊரார்க்கே மறந்துபோன குலச்சின்னங்கள் செதுக்கப்பட்டிருந்தன. எங்களுக்கு அறை தந்தவர் ஒரு மீனவர். இளமையில் ஸ்டுட்கார்ட்டின் ஒரு தொழிற்சாலையில் உழைத்தவர் என்பதால் ஜெர்மன் பேசுவார். நாங்களும் ஜெர்மனியிலிருந்து வந்ததால் எங்களைத் தன் ஊர்க்காரர் என்றே அழைத்தார். காலைதோறும் மீன் கொண்டுவந்து வாசலில் வைப்பார். அம்மா வைத்த குழம்பை ஒருமுறை சுவைத்துக் கண்ணீர் வழிய நின்றுவிட்டு, பிறகும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

படிகளின் பாதிவழியில் வெள்ளையடித்த மாதா கோயில் ஒன்று இருந்தது. திருவுருவத்தைச் சுற்றிக் கண், கால், கை, இதயம் என வெள்ளித் தகடுகள் தொங்கின. நோய் நீங்கியவர்கள் வைத்த காணிக்கைகள். அவற்றைக் கண்டதும் அப்பாவுக்குக் கொண்டாட்டமாகிவிட்டது. "எங்கடை கோயிலிலையும் கண்மடல் வைக்கிறவையெல்லோ! இவையும் எங்கடை ஆக்கள்தான்," என்றார். சைவக் குடும்பமாயினும் மாதாவை நாங்கள் அயலாளாக எண்ணியதில்லை. அப்பாவை அறுவைச் சிகிச்சைக்குக் கொண்டுபோன வேளையில் அம்மா மாதாவுக்கு ஒரு நேர்த்திக்கடன் வைத்திருந்தார். எந்த ஊர் மாதா என்று அந்தப் பதற்றத்தில் குறிப்பிட மறந்துவிட்டார். இங்கேயே செலுத்திவிடலாம் என்று இருவரும் முடிவுசெய்து, துறைமுகக் கடையில் ஒரு வெள்ளி இதயம் வாங்கினார்கள். அடுத்த சில நாளில் மாதாவின் திருநாள். அன்று மாலை அதை வைப்பதென்று ஏற்பாடு.

திருநாளுக்கு முந்திய நாள் காலை அம்மாவின் கைத்தொலைபேசி ஒலித்தது. அப்பா மீனவரோடு படகில் போயிருந்தார். மாடத்தில் நின்று அம்மா பேசியது சொற்பம். "ஓம்... எப்ப?... ஐயோ, அவருக்கு இப்ப சொல்லாதேங்கோ. நான் பாத்துக்கொள்ளுறன்." பிறகு என்னிடம், லண்டன் அத்தை சுகம் விசாரித்ததாகச் சொன்னார்.

யாழ்ப்பாணத்தில் பெரியப்பா உறக்கத்திலேயே இறந்துவிட்டார் என்பதுதான் அந்தச் செய்தி. தகப்பனை இழந்த அப்பாவைத் தோளில் தூக்கி வளர்த்த அண்ணன் அவர். இதை நான் லைப்சிக் பல்கலைக்கழகத்தில் படிக்கப் போன பிறகு, ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பாவே தொலைபேசியில் சொல்லித்தான் அறிந்தேன். அன்று நான் கண்டதெல்லாம், கணுக்காலுக்கு மேல் கடலை அனுமதிக்காத என் அம்மா, செருப்பைக் கழற்றிவிட்டு, உடுத்த உடுப்போடு நேரே அலைக்குள் நடந்ததுதான். கழுத்தளவு போய், மூக்கைப் பிடித்துக்கொண்டு தலையை முழுதாக அமிழ்த்தினார். எழுந்தார். மறுபடி அமிழ்ந்தார்.

அதே நேரம் துறைக்குள் நுழைந்த படகிலிருந்து அப்பா எழுந்துநின்று கைதட்டினார். "பார் குஞ்சு, அம்மா ஜெர்மன்காரியா வந்திட்டா!" மீனவரும் சீழ்க்கையடித்தார். நானும் துள்ளினேன். அம்மாவின் முகம் முழுவதும் நீராக இருந்தது. கடலில் குளித்தவரின் முகம் அப்படித்தானே இருக்கும்.

அன்று முதல் எனக்கு எதுவும் விளங்கவில்லை. கொண்டுவந்த மீனை அம்மா பூனைகளுக்குப் போட்டுவிட்டுப் பருப்பு மட்டும் காய்ச்சினார். "கிரேக்கப் பூனையளுக்கு நல்ல காலம்," என்று சிரித்த அப்பா, திருநாளுக்கான விரதம் என்று எடுத்துக்கொண்டார். மாலைதோறும் மாதாவிடம் போகிற அம்மா அன்று வாசற்படிக்கு வெளியிலேயே நின்றார். பெண்களுக்கு அப்படிச் சில நாட்கள் உண்டு என்பதால் அதையும் அப்பா கேட்கவில்லை.

எங்கள் வழக்கில் அண்ணன் இறந்தால் தம்பிக்கும் தம்பியின் மனைவி மக்களுக்கும் துடக்கு. தமிழகத்தில் தீட்டு என்பார்கள். அது கழியும்வரை கோயிலுக்குள் கால் வைக்கலாகாது, மச்சமாமிசம் ஆகாது, நேர்த்தி செலுத்தவே கூடாது. செய்தி அறியாதவரைத் துடக்கு தொடாது என்று சொல்வோரும் உண்டு. ஆனால் அம்மா அறிந்துவிட்டாரே. கணவரின் இதயத்துக்காக வைத்த நேர்த்தி துடக்கோடு செலுத்தப்பட்டால் அந்த இதயத்துக்கே கேடு வரும் என்று அவர் நம்பினார். தடுப்பதற்குக் காரணம் சொன்னால், அந்தச் செய்தியே இதயத்தை நிறுத்திவிடும் என்றும் அஞ்சினார். இந்த இரண்டு அச்சங்களுக்கும் நடுவில் அவர் இரண்டு பகலும் ஓர் இரவும் நின்றிருக்கிறார். நானோ, அம்மாவுக்கு உர்லாப் பிடிக்கவில்லை என்று நினைத்தேன்.

திருநாள் மாலையில் ஊரே மெழுகுதிரிகளோடு படியேறியது. அப்பா வெள்ளை மேற்சட்டை அணிந்து, வெள்ளி இதயத்தைப் பையில் வைத்திருந்தார். கோயில் கண்ணில் பட்டதும் அம்மா நின்றார்.

"எனக்குக் கால் நோகுது. திரும்புவம்."

"அப்ப நீர் இதிலை இரும். நான் வச்சிட்டு ஓடி வாறன்."

"நீங்கள் ஓடக் கூடாது."

"சரி, நடந்து வாறன்."

"வேண்டாம். இண்டைக்கு வேண்டாம்."

"இண்டைக்குத்தானே திருநாள்! நேர்த்தி வச்சது நானோ நீரோ?"

அப்போதுதான் அம்மா சண்டை பிடிக்கத் தொடங்கினார். என் வாழ்நாளில் அப்படியொரு சண்டையை நான் கண்டதில்லை. அது எங்கே தொடங்கியது என்றே தெரியவில்லை. "என்ரை சொல்லுக்கு எண்டைக்கு மதிப்பு இருந்தது? உங்கடை சின்னக்கா கலியாண வீட்டிலை வைச்சு என்ரை சீலையைப் பழிக்கேக்கை வாய் திறந்தனீங்களோ? அந்தப் பச்சைக் கதிரையை வாங்க வேண்டாம் எண்டு எத்தினை தரம் சொன்னனான்?"

எங்கள் வரவேற்பறை நாற்காலி இந்தப் படிக்கட்டுவரை வந்ததில் அப்பா தடுமாறினார். "பச்சைக் கதிரையோ? இஞ்சை நிண்டோ அந்தக் கதை?"

"இஞ்சை நிண்டுதான்!"

மெழுகுதிரிகள் எங்களைச் சுற்றிக்கொண்டு மேலே போயின. சில முகங்கள் திரும்பின. மீனவர் தன் குடும்பத்தோடு வந்தவர், எங்களைக் கண்டு ஒருகணம் தயங்கி, ஒன்றும் காணாதவர் போலக் கடந்துபோனார். நான் அம்மாவின் கையை இழுத்தேன். "அம்மா, சனம் பாக்குது."

"பாக்கட்டும்," என்றார் அம்மா.

அந்தச் சொல் என்னை உண்மையாகவே அச்சுறுத்தியது. சனம் பார்க்கும் என்பதற்காகவே பேருந்தில் நாங்கள் மெல்லப் பேசினோம். சனம் பார்க்கும் என்பதற்காகவே கடைசிச் சோற்றுப் பருக்கை வரை தட்டில் ஒழுங்காக உண்டோம். அந்த ஒரு விதியின்மேல்தான் எங்கள் ஜெர்மன் வாழ்க்கை நின்றது. அதை அம்மாவே ஒரு கிரேக்கப் படிக்கட்டில் போட்டுடைத்துவிட்டார்.

எப்படியாவது இதை முடிக்க வேண்டுமென்று எனக்கு ஒரு வழி தோன்றியது. "நான் கொண்டுபோய் வைக்கிறன்," என்று அப்பாவிடம் கையை நீட்டினேன். அப்பா தகட்டை வெளியே எடுத்தார்.

அம்மா என் மணிக்கட்டைப் பற்றினார். வலித்தது. "நீயும் போகக் கூடாது!"

சண்டை அத்துடன் நின்றது. அப்பாவின் முகத்திலிருந்த குழப்பம் மெல்ல வடிவதை நான் பார்த்தேன். அதன் இடத்தில் என்ன வந்தது என்பதற்கு அன்று என்னிடம் சொல் இருக்கவில்லை. அம்மா உள்ளே போகாததற்கு அவரிடம் ஒரு காரணம் இருந்தது. பருப்புக்கும் ஒன்று இருந்தது. பத்து வயது மகளும் போகக் கூடாது என்பதற்கு அவை இரண்டும் போதவில்லை. அவர் அம்மாவை நெடுநேரம் பார்த்தார். அம்மா தலையைக் குனிந்துகொண்டார். அப்பா சுவரைப் பிடித்தபடி படியில் மெதுவாக அமர்ந்தார். அம்மா உடனே அவர் அருகே உட்கார்ந்து, சற்றுமுன் என் கையை நெரித்த அதே விரல்களால் அவர் நெஞ்சைத் தடவத் தொடங்கினார்.

"ஆர்?" என்று கேட்டார் அப்பா.

அவர் குரல் அமைதியாக இருந்தது. யாரோ தெரிந்தவர் வருகிறார் போலும் என்றெண்ணி நான் ஆவலோடு திரும்பிப் பார்த்தேன். படிகளில் எத்தனையோ பேர் மெழுகுதிரியின் சுடரைக் கையால் மறைத்தபடி ஏறி வந்துகொண்டிருந்தார்கள். அவர்களில் எவரைக் கேட்கிறார் என்று எனக்குத் தெரியவில்லை.