சுண்ணாம்புக் கோட்டு வீடு

மார்கரெட் சுவரைத் தாண்டி நடந்து போனார். பின்னாலேயே போயிருக்க வேண்டிய நான் நின்றுவிட்டேன். சுவர் என்றதும் செங்கல்லையும் சிமென்ட்டையும் நினைத்துக்கொள்ள வேண்டாம். வீடு வரப்போகிற இடத்தில், புல்லின் மேல் ஆரஞ்சு நிறப் பெயின்ட்டால் அடித்த கோடு, அவ்வளவுதான். அவர் காபிக் குவளையும் கையுமாகச் சாப்பாட்டு அறையிலிருந்து சமையலறைக்கும், அங்கிருந்து குளியலறைக்கும், நேராகப் போய்க்கொண்டே இருந்தார். நான் சுற்றிக்கொண்டு போய், கோடு விடுபட்டிருந்த வாசலைத் தேடி, அதன் வழியாக நுழைந்து, ஹாலைக் கடந்து அவரிடம் போய்ச் சேர்ந்தேன். "பெயின்ட் காய்ந்துவிட்டது, ஷூவில் ஒட்டாது" என்றார் சிரித்துக்கொண்டே. நானும் சிரித்துவைத்தேன். ஷூவுக்காகத்தான் பயந்தேன் என்றே அவர் நினைத்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டேன்.

கனடாவில், ஒண்டாரியோ மாகாணத்தின் ஒரு சின்ன ஊரில், வீடுகளுக்குப் படம் வரைந்து கொடுக்கும் அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். கும்மிடிப்பூண்டியில் இருந்தவரை தொழிற்பேட்டைக் கம்பெனிகளுக்கு ஷெட் வரைந்துகொண்டிருந்தவள், இங்கே ஏரிக்கரை வீடுகள் வரைகிறேன். இப்போது எல்லோருக்கும் 'ஃபார்ம்ஹவுஸ் காட்டேஜ்' வேண்டுமாம். வயலும் மாடும் இல்லாதவர்கள், வயலும் மாடும் இருந்தவர்களின் வீடு போல ஒன்றைக் கட்டிக்கொள்கிறார்கள். மார்கரெட்டும் அப்படித்தான். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற டீச்சர், கணவர் இல்லை, மூன்று பிள்ளைகள் மூன்று ஊரில். கோடை விடுமுறைக்கு அத்தனை பேரும் பேரப்பிள்ளைகளோடு வந்து தங்க ஒரு வீடு. நுழைந்ததும் சேற்றுக் காலணிகளைக் கழற்றிவைக்க 'மட் ரூம்' என்று தனியாக ஓர் அறை. செருப்புக்கு ஓர் அறை. என் அம்மாவிடம் சொல்லியிருந்தால், அந்த அறைக்கு வாடகைக்கு ஆள் வருமா என்று கேட்டிருப்பாள்.

இந்த வேலையில் சேர்ந்த புதிதில் அம்மாவிடம் போனில் சொன்னேன், பண்ணை வீடுகளுக்குப் படம் வரைகிறேன் என்று. எளிதாகப் புரியட்டும் என்று அந்த வார்த்தையைச் சொன்னது என் தப்பு. 

"பண்ண ஊடா? அங்க இன்னாடி வேல உனக்கு?"

"வேலையில்லமா, படம் வரையறேன். எந்த ரூம் எங்க வரணும்னு."

"உள்ள உடுறாங்களா?"

அம்மாவுக்குப் பண்ணை வீடு என்றால் எளாவூர்ப் பக்கம் அவள் சின்ன வயதில் நடவுக்கும் களையெடுப்புக்கும் போன வீடு. அந்த வீட்டில் எத்தனை அறைகள் என்று அவளுக்குத் தெரியாது. மாட்டுக்கொட்டகை வரைக்கும்தான் போயிருக்கிறாள். கூழும் அங்கேயே, கூலியும் அங்கேயே. அப்புறம் வயல்களுக்குப் பக்கத்தில் கம்பெனிகள் வந்தன, அப்பா ஒரு ரோலிங் மில்லில் லோடு ஏற்றப் போனார், நாங்கள் கும்மிடிப்பூண்டிக்குக் குடிவந்தோம். நானும் தம்பி தினேஷும் சிறுசாக இருக்கும்போதே அப்பா காய்ச்சலில் போய்ச் சேர்ந்தார். அம்மா ஒரு கம்பெனியில் காண்டிராக்டில் கூட்டிப் பெருக்கும் வேலைக்குப் போய் எங்களை ஆளாக்கினாள். "உடுறாங்கம்மா, சாப்பிடக்கூடக் குடுக்கறாங்க" என்று சொன்னேன். "சரி, பாத்து இரு" என்றாள். அவள் நம்பவில்லை என்று குரலிலேயே தெரிந்தது.

நாங்கள் இருந்தது லைன் வீடு. ஒரே வரிசையில் ஒட்டி ஒட்டி அறைகள், கடைசியில் எல்லாக் குடும்பங்களுக்கும் பொதுவாக ஒரு கக்கூஸ். ஓனர் மோட்டார் போட்டால்தான் தண்ணீர். வெளியே துணி காயப்போட்டால் மில் புகையில் கரி படிந்து சாம்பல் நிறமாகத் திரும்பி வரும். இதையெல்லாம் அம்மா பொறுத்துக்கொண்டாள். பொறுக்க முடியாமல் போனது ஒன்றுதான். எதிர் அறையில் இருந்த லோடுமேனின் மனைவி ஆஸ்பத்திரியில் இறந்துபோனார். பிணத்தை உள்ளே கொண்டுவரக் கூடாது என்று ஓனர் சொல்லிவிட்டார். கெட்ட மனிதர் என்று சொல்ல மாட்டேன், அம்மாவுக்கு உடம்பு முடியாதபோது கஷாயம் வைத்துக் கொடுத்தனுப்பியவர்தான். ஆனால் சாவு விழுந்த வீட்டுக்கு அப்புறம் யாரும் குடிவர மாட்டார்கள் என்ற பயம் அவருக்கு. அந்த அம்மாவை ரோட்டு ஓரத்தில் பெஞ்சு போட்டுக் கிடத்தி, லாரி போகிற வருகிற இடத்தில், நான்கு பெண்கள் சேலையைப் பிடித்து மறைத்துக்கொள்ளக் குளிப்பாட்டி எடுத்துக்கொண்டு போனார்கள். சேலை பிடித்த நால்வரில் அம்மாவும் ஒருத்தி.

வீட்டுக்கு வந்து தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு, ஈரத் தலையோடு எங்கள் இருவரையும் எதிரில் உட்காரவைத்துச் சொன்னாள். "இன்னா பண்ணுவீங்களோ எனக்குத் தெரியாது. என்ன சொந்த ஊட்டு வாசல்லேர்ந்துதான் எடுக்கணும். ரோட்டுல வச்சி எடுத்தீங்கன்னா எழுந்து ஒக்காந்துக்குவேன்." தினேஷ் சிரித்துவிட்டான். அவளும் சிரித்தாள். ஆனால் அன்றிலிருந்து அந்த வீட்டில் வேறு பேச்சு இல்லை.

நான் கனடா வந்து வேலையில் ஊன்றிய பிறகு எளாவூர் போகும் சாலையிலிருந்து உள்ளே தள்ளி ஒரு மனை வாங்கினோம். லீவில் ஊருக்குப் போயிருந்தபோது நானே படம் வரைந்தேன். வீடு கட்டுகிற பார்ட்டி அம்மாதான், நான் வரைகிற வெறும் கை. சமையலறையில் மில் இருக்கும் பக்கம் ஜன்னல் கூடாது, கரி வந்து சோற்றில் விழும். ஆனால் அடுப்புக்கு முன்னால் நின்றாலே வாசல் தெரிய வேண்டும். "யாரு வராங்கன்னு நான் இங்கேர்ந்தே பாக்கணும்." கக்கூஸ் வீட்டுக்கு உள்ளேயே, அதுவும் அவள் அறையை ஒட்டி. தரைக்கு நகைக் கடையில் இருப்பது போல முகம் தெரிகிற டைல்ஸ். மார்கரெட்டுக்கோ எல்லாம் பழசாகத் தெரிய வேண்டும், இடித்த மாட்டுக்கொட்டகையிலிருந்து பிரித்த பலகையைத் தேடிப்பிடித்து வரவேற்பறைச் சுவரில் அடிக்கச் சொல்கிறார். மாட்டுக்கொட்டகையோடு நின்றவள் மகள், ஒரு மாட்டுக்கொட்டகைப் பலகையை எந்த உயரத்தில் அடிப்பது என்று கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறாள். அம்மாவிடம் இதைச் சொல்லிச் சிரிக்க வேண்டும் என்று வைத்திருந்தேன்.

ஊரில் வீடு கட்டியவர்களுக்குத் தெரியும். மேஸ்திரி முளையடித்துக் கயிறு கட்டி, அதன் மேலேயே சுண்ணாம்புப் பொடியைத் தூவிக்கொண்டு போவார். வாசல் வருகிற இடத்தில் மட்டும் கோடு இருக்காது. எங்கள் மனையிலும் போட்டுவிட்டு மேஸ்திரி கையைத் தட்டிக்கொண்டு நிமிர்ந்ததும், நான் படத்தைச் சரிபார்க்க ஒரு மூலையிலிருந்து இன்னொரு மூலைக்குக் குறுக்கே நடந்தேன்.

"இன்னாடி, சொவுத்து மேல நடந்து வர்ற? வாசல் எதுக்கு உட்டுக்கீது? சுத்திக்கினு வா."

அம்மா விளையாட்டுக்குச் சொல்கிறாள் என்று பார்த்தால், நான் வெளியே போய் வாசல் வழியாக வரும்வரை அவள் முகம் மாறவில்லை. செருப்பைக்கூட கோட்டுக்கு வெளியே விட்டிருந்தாள். அன்று கொண்டுபோன புளிச்சோற்றை அம்மா 'சமையலறை'யில் நின்று பிரித்துக் கொடுக்க, நாங்கள் 'ஹாலில்' உட்கார்ந்து சாப்பிட்டோம். தலைக்கு மேலே வெயில். அத்தனை சந்தோஷமாக அவளை நான் பார்த்ததில்லை.

நான் திரும்பி வந்தேன். வீட்டுப் படத்துக்கு அப்ரூவல் இழுத்தது. அது வருவதற்குள் ஆடி பிறந்துவிட்டது, ஆடியில் கடைக்கால் தோண்டக் கூடாது. அப்புறம் அம்மாவுக்கு நல்ல நாள் கிடைக்கவில்லை, புரட்டாசி வந்துவிட்டது, அதிலும் கூடாது. இத்தனை வருஷம் பொறுத்தவளுக்கு இன்னும் கொஞ்ச நாள் பெரிதாகத் தெரியவில்லை. மழைக்குக் கோடு அழியும்போதெல்லாம் ஒரு பை சுண்ணாம்புப் பொடி வாங்கிக்கொண்டு போய் அம்மாவே மறுபடி போட்டாளாம். ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கே போய்ச் சும்மா உட்கார்ந்துவிட்டு வருவாளாம். தினேஷ் கம்பெனி வேன் ஓட்டுகிறவன். ஷிப்ட் முடிந்து அவளைக் கூட்டிவரப் போனால், "இரு, கதவ சாத்திட்டு வரேன்" என்பாளாம்.

ஐப்பசியில், மழைக்கு நடுவே, வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தவளுக்கு மாரடைப்பு. ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே முடிந்துவிட்டது. நான் வேலை அனுமதியைப் புதுப்பிக்கக் கொடுத்திருந்த நேரம். நாட்டை விட்டு வெளியே போனால் திரும்ப உள்ளே விடுவார்களா என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. விட்டாலும் நான் போய்ச் சேரும்வரை அவளை எங்கே வைத்திருப்பது? லைன் வீட்டு ஓனர் கையெடுத்துக் கும்பிட்டுக்கொண்டே முடியாது என்று தலையை ஆட்டிவிட்டார் என்று தினேஷ் சொன்னான். "சரிடா" என்று சொன்னேன். ரோட்டில்தான் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. போனை வைத்துவிட்டேன்.

சில மணி நேரம் கழித்து வீடியோவில் கூப்பிட்டான். மனையில் நின்றுகொண்டிருந்தான். உடம்பெல்லாம் வெள்ளை. மழை விட்ட இடைவெளியில் ஒற்றை ஆளாகக் கோடு போட்டு முடித்திருந்தான். கயிறு இல்லை, முளை இல்லை, ஞாபகத்திலேயே போட்டது. ஹால் ஒரு பக்கம் கோணியிருந்தது, சமையலறை சுருங்கிப்போயிருந்தது. படம் வரைகிறவள் கண் அதைத்தான் முதலில் பார்த்தது, அதற்காக என்னை நானே அறைந்துகொள்ள வேண்டும் போலிருந்தது. மேலே ஷாமியானா. ஹாலின் நடுவில் பெஞ்சு. பெஞ்சில் அம்மா.

"அக்கா, வாசலாலயே இட்டுக்கினு வரேன்" என்றான். போனைக் கையில் ஏந்திக்கொண்டு வெளியே போனான். செருப்பைக் கழற்றினான். கோடு விடுபட்ட இடத்தின் வழியாக என்னை உள்ளே கொண்டுபோய் அம்மாவின் தலைமாட்டில் வைத்தான். அங்கிருந்து எனக்கு வாசல் தெரிந்தது. சொந்தக்காரர்கள், லைன் வீட்டுக்காரர்கள், அம்மாவோடு கூட்டிப் பெருக்கியவர்கள் ஒவ்வொருவராக வந்தார்கள். நான்கு பக்கமும் வெட்டவெளி. எந்தப் பக்கமிருந்தும் வரலாம். ஒருவர்கூடச் சுவர் மேல் நடக்கவில்லை. மாரடித்துக்கொண்டு ஓடிவந்தவர்கள்கூட கோட்டைக் கண்டதும் நின்று, சுற்றிக்கொண்டு போய், வாசல் வழியாக வந்தார்கள். உள்ளேயே, கோட்டுக்குள் நான் வரைந்த குளியலறையில் வைத்து அவளைக் குளிப்பாட்டினார்கள். பிறகு அந்த வாசல் வழியாகவே தூக்கிக்கொண்டு போனார்கள். நான் ஹாலில் தனியாகக் கிடந்தேன். சாய்ந்து விழுந்த போனை தினேஷ் அவசரத்தில் எடுக்க மறந்துவிட்டான். ரொம்ப நேரம் ஷாமியானாத் துணியையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

மார்கரெட்டின் மனையில் அந்த ஆரஞ்சுக் கோடு போட்டது அதற்கு அடுத்த மாதம். என் முகத்தைப் பார்த்து என்ன என்று கேட்டார். அம்மா இறந்துவிட்டதாகச் சொன்னேன். இறுதிச் சடங்கு எங்கே நடந்தது என்றார். "எங்கள் வீட்டில். ஆனால் வீட்டை இன்னும் கட்டவில்லை" என்றேன். அவர் கண்கள் கலங்கின. "திறந்த வெளியிலா, வானத்துக்குக் கீழேயா? எவ்வளவு அழகு. எனக்கும் அப்படித்தான் வேண்டும் என்று பிள்ளைகளிடம் சொல்லியிருக்கிறேன்" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். நல்ல மனுஷி, ஆறுதலாகத்தான் சொன்னார். ஆனால் எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. வெட்டவெளியில் இல்லை, என் அம்மா வீட்டுக்குள் இருந்தாள், சுவருக்குள் இருந்தாள் என்று கத்த வேண்டும் போலிருந்தது. "தேங்க் யூ" என்றேன்.

சீக்கிரமே பனி விழுந்துவிட்டதால் அவர் வீட்டு வேலை வசந்த காலத்துக்குத் தள்ளிப்போனது. தை பிறந்த பிறகு ஒரு காலையில், ஜன்னலை மறைக்கப்போகும் மரம் ஒன்றை வெட்டுவதா வேண்டாமா என்று பார்க்க என்னை மனைக்குக் கூப்பிட்டிருந்தார். போய் இறங்கும்போதே தினேஷ் வீடியோவில் வந்துவிட்டான். அங்கே பொழுது சாயும் நேரம். மேஸ்திரி கயிறு கட்டிக்கொண்டிருந்தார்.

"அக்கா, பால் காய்ச்சறதுக்கு முந்தியே பொணம் போன வாசலாம். மாத்தி வைங்கன்னு எல்லாரும் சொல்றாங்க. மேஸ்திரியும் அதையேதான் சொல்றாரு. நீ இன்னா சொல்ற?"

"அம்மா உள்ள வந்ததும் அதாலதான்டா. மாத்தாத."

"நானும் அதான் சொன்னேன்." போனைக் கிட்டே கொண்டுவந்தான். "அம்மா ரூமு இனிமே ஒன்னுதுக்கா. நீ வரைஞ்ச படத்துல உனக்குன்னு ஒரு ரூமே இல்ல, பாத்தியா?"

பார்த்ததில்லை. ஆளாளுக்கு இடம் விட்டு வரைந்தவளுக்கு அது தோன்றவே இல்லை.  அவன் போனைத் திருப்பினான். புதுச் சுண்ணாம்பு, நேரான கோடு, நடுவே வாசல். "வர்றியா, உள்ள இட்டுக்கினு போவட்டா?" என்றான்.

எதிரே ஆரஞ்சுக் கோடுகளைப் பனி மூடியிருந்தது. அவை எங்கே இருக்கின்றன என்று எனக்கு மட்டும் தெரியும். மார்கரெட் தன் சமையலறையில் நின்றுகொண்டு, குறுக்கே வந்துவிடலாம், பனி ஆழமில்லை என்று கையசைத்தார். நான் சுற்றிக்கொண்டு வாசல் வரைக்கும் போனேன். கையில், போனுக்குள் இருந்த வாசலில் என் தம்பி செருப்பைக் கழற்றிவிட்டுக் காத்திருந்தான். இரண்டு வாசலுக்கும் வெளியே, ஷூவுக்குள் பனி இறங்க, எந்தக் காலை எடுத்துவைப்பது என்று தெரியாமல் நின்றுகொண்டிருந்தேன்.